பதிவில் இருப்பவர்

“உங்க குரல்ல இல்லீங்க. அவரு குரல்ல சொல்லோணும்.”

“எவரு?”

“பதிவுல இருக்கறவரு.”

“அது நான்தானுங்க.”

“நீங்கதான். இல்லைன்னு நான் சொல்லலீங்களே. மெசின்தான் சொல்லுது.”

மெசின் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. “குரல்ரேகை பொருந்தவில்லை. பதற்றப்படாமல் மீண்டும் முயலவும்.” மழைக்கு முன்னால் வருகிற காற்றைப் போல மெத்தென்ற பெண்குரல். அந்தக் குரலுக்குத் தொண்டை கிடையாது, பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆனாலும் அது பெண்தானா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சாருலதா தன் கழுத்தில் ஒட்டியிருந்த வில்லையைப் பிய்த்து மேஜைமேல் வைத்தாள். நாலணா அளவு உலோகத் துண்டு. உள்ளே சதை எப்படி அதிர்கிறது, மூச்சு எந்த இடத்தில் முட்டித் திரும்புகிறது என்பதையெல்லாம் அது படித்துவிடும். கைரேகையைக் கள்ளத்தனமாக எடுத்தார்கள், முகத்தைக் கள்ளத்தனமாகச் செய்தார்கள், தொண்டையை எவனாலும் செய்ய முடியாது என்று சொல்லித்தான் நாடு முழுக்க இதைக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு கேஸ் சிலிண்டர், வங்கி, ரேஷன், ரயில் டிக்கெட், எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்தால் போதும் என்றானது. திறந்த வாயிலிருந்து வேறு குரல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

திரையில் இருபத்திரண்டு என்ற எண் சிவப்பாக நின்றது. எண்பது வரவேண்டும்.

“இன்னும் ரெண்டு தடவதானுங்க இருக்குது,” என்றார் கவுண்டரில் இருந்தவர். சட்டையில் மோகனசுந்தரம் என்று பெயர் குத்தியிருந்தது. நல்ல மனிதர். அதுதான் சாருவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துவதற்கு ஒரு கெட்டவன்கூடக் கிடைக்கவில்லை. “மூணும் தப்பாப் போச்சுன்னா நாளைக்கு இதே நேரம் வரைக்கும் பூட்டிக்கும்.”

“நாளைக்கா? டாக்டர் ரெண்டு மணிக்குள்ளங்கறாருங்க.”

“கேட்டனுங்க.”

“எங்கம்மா குடல் முறுக்கிக் கெடக்குது. நேரம் போகப் போக அழுகிரும்னு அவரே சொன்னாரு. நீங்களும் பக்கத்துல நின்னுட்டுத்தான இருந்தீங்க?”

“நின்னனுங்க.” அவர் தன் விரல் நகங்களைப் பார்த்தார். “அம்மாவே சொன்னாப் போதும். ஆனா வலிக்கு ஊசி போட்டாச்சு, நாக்குக் கொழறுது. சொந்தக்காரங்க யாருமே பதிவுல இல்லாம இருந்திருந்தா டாக்டரே முடிவு பண்ணியிருப்பாருங்க. மகன்னு ஒருத்தர் பதிவுல இருக்காரு, பக்கத்துலயும் இருக்காருன்னா, அவரு வாயால சம்மதம் சொல்லாம கத்திய எடுக்கக் கூடாதுன்னு சட்டம்.”

“அப்ப நான் செத்துப் போயிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க மே...” என்று தொடங்கியவர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லை முடிக்காமலேயே விட்டுவிட்டார்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பச்சைத் திரைச்சீலை தொங்கியது. அதற்குப் பின்னால், அறுவை அரங்கின் வாசலில், தள்ளுபடுக்கையில் துளசிமணி படுத்திருந்தாள். காலையில் இட்லித்தட்டை இறக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள். இப்போது ஊசி மயக்கத்தில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு திரைச்சீலையைத் தாண்டிக் கேட்டது.

மூன்று வருடங்களாகச் சாரு அம்மாவின் குரலில்தான் குடித்தனம் செய்துகொண்டிருந்தாள். ‘நான் பொண்ணும்மா’ என்று சொன்னபோது துளசிமணி எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் வந்து, “பிளவுஸ் அளவு குடு, தைக்கறவ ஊருக்குப் போறாளாம்,” என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு ரேஷன் கடையிலும் வங்கியிலும் முன்னால் போய் நின்று, “என்ற மகளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்,” என்று கழுத்தை நீட்டுவாள். இளித்தவர்களிடம், “என்ன, பல்லு சுளுக்கிக்குச்சா?” என்று கேட்பாள். அந்தக் குரல்தான் இப்போது குழறிக்கொண்டு கிடந்தது.

சாரு கைப்பேசியை எடுத்து ஜெரால்டைக் கூப்பிட்டாள்.

*

ஜெரால்டு இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். படியேறி வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

“லிஃப்டுல வரலையா?”

“லிஃப்டு என்னை யாருன்னு கேக்குது. கீழ கேட்டும் கேட்டுச்சு. ஒரு ஆம்புலன்ஸ் உள்ள நொழஞ்சுது, கூடவே அழுதுட்டு ஓடி வந்துட்டேன்.”

சாருவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

ஜெரால்டு குரல் பயிற்சி கொடுப்பவன். காந்திபுரத்தில் ஒரு தையல் கடையின் மாடியில், வாரத்துக்கு மூன்று மாலை. தாடி வைத்த, கனத்த குரல் கொண்ட, முப்பது வயது ஆள். பிறந்தபோது அவனைப் பெண் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஹார்மோன் ஊசி அவன் தொண்டையைத் தடிக்க வைத்தது. தடித்த தொண்டை தடித்ததுதான், திரும்ப மெலியாது. எனவே பதிவில் இருக்கும் அந்தப் பெண்குரலை அவனால் இந்த ஜென்மத்தில் எழுப்ப முடியாது. வங்கியில் அவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, தொட முடியாது. பெயர் இருக்கிறது, திறக்க முடியாது.

சாருவின் கதை வேறு. ஊசி அவளுடைய தோலை மாற்றியது, மார்பை மாற்றியது, குரலை மட்டும் தொடவேயில்லை. அதை அவளே செய்யவேண்டியிருந்தது. தொண்டை மணியை மேலே தூக்கிப் பிடிக்க, நாக்கின் பின்பகுதியை உயர்த்த, நெஞ்சில் முழங்குவதை முகத்துக்குக் கொண்டுவர, இருமும்போதும் தும்மும்போதும் தூக்கத்தில் உளறும்போதும் அது வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள மூன்று வருடம் ஆனது. மோட்டார் பம்ப் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, குளியலறையில், பேருந்தில், போர்வைக்குள் என்று பழகினாள்.

“முதல் நாள் பதிவு வேணும் ஜெரி,” என்றாள். “மூணு வருசத்துக்கு முன்னாடி நான் எப்படிப் பேசுனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஒரு தடவ கேட்டாப் பிடிச்சுக்குவேன்.”

கைப்பேசியை எடுக்கப் போன ஜெரால்டின் கை சட்டைப்பையிலேயே நின்றது.

“ஜெரி?”

“அழிச்சுட்டோமே சாரு. உன் கையாலதான அழிச்ச.”

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. சேருகிற அன்று ஒவ்வொருவரின் குரலையும் ஜெரால்டு பதிந்து வைப்பான், முன்னேற்றம் தெரியவேண்டும் என்பதற்காக. பிறகு ஒருநாள், முகம் தெரியாத யாரோ ஒருவர் தொலைபேசியில், சொல்லிக்கொடுக்காமல், தானாகவே சாரா மேடமா என்பதைச் சரியாகச் சொல்லி அழைத்துவிட்டால் அன்றைக்குத் திருவிழா. ஜிலேபி வாங்கி வரவேண்டும். எல்லோரும் சுற்றி நிற்க, அந்த முதல் நாள் பதிவைத் தன் கட்டைவிரலால் அழிக்கவேண்டும். சாருவை அப்படி அழைத்தவர் உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர். “ஏனுங் மேடம், மோட்டாரு ஓடுது, தண்ணி வர மாட்டேங்குதுங்,” என்றார். அவள் அழுதுகொண்டே அவரிடம் உறிஞ்சுகுழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வைச் சரிபார்க்கச் சொன்னாள். அன்று மாலை மாடியில் எல்லோரும் கைதட்டினார்கள்.

“பத்தொம்பது பேரு,” என்றான் ஜெரால்டு. “பத்தொம்பது பேரோட சாவியையும் நானே ஜிலேபி தின்னுட்டு அழிக்க வெச்சிருக்கேன்.”

“நாம கெட்ட கனவைத்தான அழிச்சோம். அதை ஆபீசுல பிரேம் போட்டு வெச்சிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“பேரு மாத்தற மனு?”

“போட்டுப் பதினாலு மாசமாச்சு. ‘மனுதாரர் தமது பதிவுக் குரலில் உறுதி செய்யவும்’னு நிக்குது. பழைய குரல்ல வந்து, இது என் குரல் இல்லைன்னு சொல்லோணுமாம்.” அவள் பற்களைக் கடித்தாள். “எழுதுனவன் ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சுப் பாத்திருப்பானா?”

*

படிக்கட்டுத் திருப்பத்தில், தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில், பாடம் தலைகீழாகத் தொடங்கியது.

“கொட்டாவி விடு. தொண்டை மணி கீழ எறங்குதா? அப்படியே புடி. கைய நெஞ்சுல வை. அங்க அதிரோணும். முகத்துல இருந்து எடுத்துரு எல்லாத்தையும்.”

மூன்று வருடம் செங்கல் செங்கலாகக் கட்டியதை, கட்டக் கற்றுக்கொடுத்தவனோடு சேர்ந்தே அவள் பிரித்தாள். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு கரகரப்பு. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வாளி ஏறுவதைப் போல ஒரு கனத்த ஆண்குரல் ஏறி வந்தது. சாரு வாயைப் பொத்திக்கொண்டாள். படியிறங்கிய ஒரு நர்ஸ் சேலையையும் குரலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வேகமாகப் போனாள்.

“வாந்தி வர்ற மாதிரி இருக்குது ஜெரி.”

“வந்தா எடுத்துரு. இதெல்லாம் வேண்டாம்னா இப்பவே சொல்லு. அந்த மெசினை ஒடச்சுட்டு உள்ள போயிரலாம்.”

“ஒடச்சா எங்கம்மா கொடல் நேராயிருமா?”

கவுண்டருக்குத் திரும்பினார்கள். மோகனசுந்தரம் வில்லையைத் துடைத்துக் கொடுத்தார். அது கழுத்தில் பல்லியைப் போலச் சில்லென்று ஒட்டிக்கொண்டது. திரையில் வாசகம் ஓடியது. பதிவில் இருக்கும் பெயரைச் சொல்லி, இன்னாரின் மகனாகிய நான் இந்த அறுவைக்குச் சம்மதிக்கிறேன் என்று சொல்லவேண்டும். சாரு அந்தப் பெயரைச் சொன்னாள். வாய்க்குள் வேறு யாருடைய பல்லோ இருப்பதைப் போலிருந்தது. நெஞ்சு முழங்க, வாக்கியத்தை முடித்தாள்.

“குரல்ரேகை பொருந்தவில்லை. பதற்றப்படாமல் மீண்டும் முயலவும்.”

அறுபத்தொன்று.

“இதுக்கு யாருடா சர்ட்டிபிகேட் குடுத்தது?” ஜெரால்டு திரையைப் பார்த்துக் கத்தினான். “ஒடம்பே இல்லாத நீ பொம்பள, இவ இல்லையா?”

“சார், ஆஸ்பத்திரிங்க இது,” என்றார் மோகனசுந்தரம் மெதுவாக. பிறகு, யாரும் கேட்காமலேயே, “நான் எழுதுன சட்டம் இல்லீங்க,” என்றார்.

மணி ஒன்று பத்து.

*

மறுபடியும் படிக்கட்டு. சாரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜெரால்டு நாலு படி ஏறினான், நாலு படி இறங்கினான்.

“நீ ஆம்பளக் குரல்ல பேசுன,” என்றான் கடைசியில். “நல்ல கம்பீரமான ஆம்பளக் குரல். என்னோடதைவிட நல்லா இருந்துச்சு. ஆனா அது உன்னுது இல்ல. முதல் நாள் மாடிக்கு வந்தப்ப நீ அப்படிப் பேசல.”

“எப்படிப் பேசுனேன்?”

“சரியா ஞாபகம் வரல. நாலஞ்சு தடவ, ‘என்ன, என்ன’ன்னு கேக்க வேண்டியிருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு.” அவன் அவள் எதிரே குந்தினான். “குரல்ரேகை எடுத்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தான் படித்த பாலிடெக்னிக்கின் கூடம் அங்கே தெரிந்ததோ என்னவோ. “எங்க பேட்ச் முழுக்க வரிசையா நின்னோம். எல்லாம் பசங்க. வில்லைய ஒட்டிட்டு, மைக்குல பேரச் சொல்லோணும், ஒரு பத்தி படிக்கோணும். கூடம் முழுக்க ஸ்பீக்கர்ல கேக்கும். என் முறை வந்துச்சு. வாயத் தெறந்ததும் பின்னாடி நின்னவன் அதே மாதிரி இழுத்துப் பேசிக் காட்டுனான். மொத்தக் கூடமும் சிரிச்சுது. மறுபடி சொல்லுன்னாரு ஆபீசரு. மறுபடி சிரிச்சாங்க. மூணாவது தடவ யாருக்கும் கேக்காத மாதிரி, வாய்க்குள்ளயே சொன்னேன். சொல்லு முடியற எடத்துல மூச்சு நின்னு போச்சு. அதைத்தான் எடுத்துகிட்டாங்க.”

ஜெரால்டு தாடியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

“அப்ப மெசின்கிட்ட இருக்கறது ஆம்பளக் குரலே இல்ல சாரு. பயம்.”

சாரு எழுந்து நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. இப்போது வந்தது அவளுடைய குரல், மூன்று வருடத்துக் குரல், படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கி எதிரொலித்தது.

“பதினெட்டு வயசுல என்னைப் பயமுறுத்துனாங்க. அந்தப் பயத்தைப் பத்திரமா டப்பாவுல போட்டு மூடி வெச்சுட்டு, இதுதான் நீ, இது இல்லாம நீ கெடையாதுங்கறாங்க. என்ன நியாயம் இது? நான் சிரிச்சுப் பேசுனா நான் இல்ல. கோவத்துல பேசுனா நான் இல்ல. ஒரு விவசாயி மோட்டாரு ஓட வெச்சுக் குடுத்தப்பப் பேசுனது நான் இல்ல. குனிஞ்சு நின்னப்பப் பேசுனது மட்டும்தான் நானா?”

“ஆமா. கோவம் இருக்கற வரைக்கும் அது வராது,” என்றான் ஜெரால்டு. சொல்லிவிட்டுத் தன் வார்த்தைக்காகவே கூசியவனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். “என்னைக் கேட்டா இந்தக் கோவத்துக்காகத்தான் மூணு வருசமும் பழகுனோம். என்னால பழைய குரலுக்குப் போகவே முடியாது. அதுக்காக நான் ராத்திரியெல்லாம் சாமியத் திட்டியிருக்கேன். இன்னிக்கு உன்னப் பாத்தா, முடியாமப் போனதே நல்லதுன்னு தோணுது.”

மணி ஒன்று இருபத்தைந்து. பச்சைத் திரைச்சீலையின் அந்தப் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. ஊசியின் வேகம் குறைய ஆரம்பித்திருந்தது.

சாரு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வா,” என்றாள்.

*

வில்லை மூன்றாவது முறையாகக் கழுத்தில் ஒட்டியது. சாரு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்குக் கூடத்துக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுப் போனது பாதங்களுக்கு நினைவிருந்தது போல. தோள்களை முன்னால் மடித்தாள். தாடையை நெஞ்சுக்கு இறக்கினாள். கண்ணைத் தரையில் ஒரு புள்ளியில் நிறுத்தினாள். மூச்சை வயிற்றுக்கு விடாமல் கழுத்தடியிலேயே பிடித்தாள். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த வித்தைதான். உடம்பை எப்படி வைத்தால் குரல் எங்கே போகும் என்பதைக் கற்றவள் அவள்.

ஆனாலும் பயம் வரவில்லை. உள்ளே கோபம் அடுப்பைப் போல எரிந்துகொண்டிருந்தது.

“ஜெரி,” என்றாள் திரும்பாமல். “பின்னாடி நின்னு சிரி.”

“என்ன?”

“அன்னிக்குச் சிரிச்ச மாதிரி சிரி.”

“என்னால முடியாது சாரு.”

“உனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. நீயும் கேட்டிருக்க. சிரி.”

மோகனசுந்தரம் எழுந்து நின்றுவிட்டார். ஜெரால்டு வாயைத் திறந்தான், மூடினான். பிறகு சிரித்தான். மூக்கால் தொடங்கி, பக்கத்திலிருப்பவனை முழங்கையால் இடித்து, கூட்டத்தோடு பெரிதாகிற அந்தச் சிரிப்பு. பள்ளிக்கூட வாசலில், பேருந்து நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வரிசையில் அவன் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்த சிரிப்பு. ஒரு துளி பிசகாமல் வந்தது. அவன் கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் சிரிப்பை நிறுத்தவில்லை.

சாருவின் முதுகு சுருங்கியது. உள்ளங்கை வேர்த்தது. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு பகல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்ததைப் போலக் கண்கள் கூசின. அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். கனமும் இல்லாத, மென்மையும் இல்லாத குரல். பாதி வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. இன்னாரின் மகனாகிய நான் என்ற இடத்தில் மூச்சு இடறியது. சம்மதிக்கிறேன் என்பதன் கடைசி எழுத்துகள் காதில் விழாமலேயே கரைந்தன.

எண்பத்து மூன்று. பச்சை.

“குரல்ரேகை பொருந்தியது,” என்றது இயந்திரம். பிறகு, அந்தப் பெயருக்கு முன்னால் ‘திரு’ சேர்த்து, நன்றி சொன்னது.

மோகனசுந்தரம் தண்ணீர்ப் பாட்டிலை மேஜைமேல் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். ஜெரால்டு சுவரோடு சாய்ந்து, தன் வாயைப் புறங்கையால் திரும்பத் திரும்பத் துடைத்தான். “மன்னிச்சிரு,” என்றான். சாரு அவன் தோளைத் தொட்டுவிட்டுத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு ஊழியர்கள் தள்ளுபடுக்கையின் பூட்டைக் காலால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். துளசிமணியின் கண்கள் திறந்திருந்தன. வெள்ளையான உதடுகளை இன்னும் குழறுகிற நாக்கால் நனைத்துக்கொண்டு, யாரையோ தேடுவதைப் போலச் சாருவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“தம்பி வந்திருக்கானா?” மகனை அந்நாளில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“நான்தாம்மா. சாரு.” தன் குரல் திரும்பிவிட்டதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். “சாரும்மா. எல்லாம் சரியாயிருச்சு, கூட்டிட்டுப் போறாங்க.”

துளசிமணி அவளையே பார்த்தாள். மெதுவாகப் புரிந்தது. கை நீண்டு வந்து சாருவின் கன்னத்தைத் தொட்டது. கை கொதித்தது.

“நீதான் பேசுனயா அம்மிணி?”

“ஆமாம்மா.”

“எத்தன வருசமாச்சு அந்தக் கொரலக் கேட்டு...” அம்மா சிரித்தாள். வலியிலும் மயக்கத்திலும் கோணலாக வந்த, ஆனால் உண்மையான சிரிப்பு. “எவ்வளவு அடக்கமா இருக்கும். கோழிக்குஞ்சு கத்தற மாதிரி. ஊரே சொல்லும், துளசி பையன் மாதிரி அமைதியா ஒருத்தன் உண்டான்னு. உன்னக் கொறை சொல்லலடி கண்ணு. இந்தக் கொரலும் எனக்குப் புடிக்கும். என்னமோ... அது எங்கியோ போயிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

“நேரமாச்சுங்கக்கா,” என்றான் ஊழியர்களில் ஒருவன். சக்கரங்கள் உருளத் தொடங்கின. சாரு கூடவே நடந்தாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, விடவில்லை. கதவின் இரண்டு பலகைகளும் திறந்தன. உள்ளேயிருந்து குளிர் வந்தது.

“உள்ள போறதுக்குள்ள,” என்றாள் துளசிமணி, “இன்னொருக்கா அந்தக் கொரல்ல அம்மான்னு கூப்புடு சாமி.”